சூரியன் எங்கேயும் போகவில்லை

வேதபாடம்
தியானத்திற்கு: ஆதியாகமம் 8:22, சங்கீதம் 104:5, 19-23, யாக்கோபு 1:17



இந்த மாசத்துப் பாடம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் வித்தியாசமாயிருக்கும். ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலும் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, ஸ்கூல்ல பூமி சுத்துதுன்னு சொல்றாங்க. பைபிள்ல பூமி அசையாதுன்னு இருக்கே, எது உண்மை?"

"பரீட்சைக்கு அதை எழுதிக்கோ, சபையில இதை நம்பிக்கோ" என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பிள்ளை இரண்டு மனதோடே வளரும். ஒரு நாள் இரண்டில் ஒன்றை விட்டுவிடும். எதை விடும் என்று நமக்குத் தெரியாது. ஆகையால் பெற்றோரும் மூப்பரும் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வைத்திருக்க வேண்டும் என்று ஜெபத்தோடு இதை எழுதுகிறேன். இந்தப் பதிலுக்குள்ளே நம்முடைய ஆத்துமாவுக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

1. "நிலைபேராத" பூமி என்றால் என்ன?

சங்கீதம் 104:5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பூமி நிலைபேராதபடி கர்த்தர் அதை ஸ்தாபித்தார் என்பது அதின் கருத்து. இங்கே எபிரெய மூலத்தில் வருகிற வினைச்சொல்தான் சங்கீதம் 16:8-லும் வருகிறது. அங்கே தாவீது தன்னைப் பற்றியே, தான் அசைக்கப்படுவதில்லை என்கிறான். அப்படியானால் தாவீது ஒரே இடத்தில் நின்றுகொண்டா இருந்தான்? பெத்லெகேமிலிருந்து அதுல்லாம் கெபிக்கும், எப்ரோனுக்கும், எருசலேமுக்கும் நடந்துகொண்டேதான் இருந்தான். தேவன் வைத்த வழியை விட்டு அவனை யாரும் தள்ளிவிட முடியாது என்பதுதான் அர்த்தம். பூமிக்கும் அப்படியே. கர்த்தர் நியமித்த பாதையை விட்டு அது விலகாது. ஓடக்கூடாது என்று வசனம் சொல்லவில்லை.

சூரியன் உதிக்கிறது, அஸ்தமிக்கிறது என்று வேதம் சொல்லுகிறதே என்பீர்கள். நாமும் அப்படித்தானே பேசுகிறோம்! பூமி சுழல்கிறது என்று நன்றாய் அறிந்த வானிலை ஆராய்ச்சி மையமே தினமும் "சூரிய உதயம்" எத்தனை மணிக்கு என்று அறிவிக்கிறது. பூமியில் நிற்கிற மனுஷன் கண்ணுக்குத் தெரிகிறபடி பேசுவது பொய்யல்ல.

அரக்கோணம் ஜங்ஷனில் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துத் தண்டவாளத்து வண்டி நகர்ந்தால், நம்ம வண்டிதான் கிளம்பிவிட்டது என்று ஒரு நிமிஷம் நினைக்கிறோம் அல்லவா? கி.பி. 499-ல் தன் நூலை எழுதிய ஆரியபட்டர் இதே காரியத்தைப் படகை வைத்து விளக்கினார். படகில் போகிறவனுக்குக் கரையிலுள்ள மரங்கள் பின்னோக்கி ஓடுவதுபோலத் தோன்றும். அப்படியே சுழலும் பூமியில் இருக்கிற நமக்கு நட்சத்திரங்கள் மேற்கே போவதாய்த் தெரிகிறது என்றார். 1851-ல் பாரிசில் ஃபூக்கோ என்கிற விஞ்ஞானி நீளமான கம்பியில் ஒரு கனமான குண்டைத் தொங்கவிட்டு ஆட்டி, பூமி சுழல்வதை ஜனங்கள் கண்ணாலேயே பார்க்கும்படி செய்தார். 2023-ல் திறக்கப்பட்ட டில்லி புதிய பாராளுமன்றக் கட்டிடத்திலும் அப்படிப்பட்ட ஊசல் ஒன்று தொங்குகிறது.

2. தன்னைத்தானே சுற்றும் பூமி

நம்ம திருத்தணி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 13 டிகிரியில் இருக்கிறது. இந்த இடத்தில் பூமி மணிக்குச் சுமார் 1,625 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள்! வேகம் கூடாமலும் குறையாமலும், வீடும் மரமும் காற்றும் நம்மோடு சேர்ந்தே வருவதால் ஒன்றும் தெரிகிறதில்லை.

நமக்குத் தெரியாவிட்டாலும் ராக்கெட் விடுகிறவர்களுக்கு அது நன்றாய்த் தெரியும். நம்ம ஊரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 1971 முதல் அங்கிருந்து ராக்கெட்டுகள் போகின்றன. கிழக்குக் கடற்கரையைத் தெரிந்துகொண்டதற்கு ஒரு காரணம், கிழக்கு நோக்கி ஏவும்போது பூமியின் சுழற்சியே நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தை இலவசமாய்க் கொடுத்துவிடுகிறது.

இந்தச் சுழற்சி 24 மணி நேரத்தில் முடிவது எவ்வளவு பெரிய கிருபை என்பதைச் சந்திரனைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். அங்கே பகல் நம்முடைய 14 நாள், ராத்திரியும் 14 நாள். 2023 ஜூலை 14-ந் தேதி இதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-3 ஆகஸ்ட் 23-ந் தேதி சந்திரனில் இறங்கியது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் அதன் திட்ட இயக்குநர். ஒரு சந்திரப் பகல் முழுவதும் அது அருமையாய் வேலை செய்தது. பிறகு ராத்திரி வந்தது. குளிர் பூச்சியத்துக்குக் கீழே 150 டிகிரிக்கும் அதிகமாய் இறங்குகிற ராத்திரி. விடிந்தபின் விஞ்ஞானிகள் எழுப்பிப் பார்த்தார்கள், அது எழும்பவில்லை. நமக்கோ கத்திரி வெயிலில் தரை கொதித்தாலும் சில மணி நேரத்தில் சாயங்காலம் வந்துவிடுகிறது. மார்கழிப் பனியில் நடுங்கினாலும் சீக்கிரத்தில் விடிந்துவிடுகிறது. பயிரும் ஆடுமாடும் பிழைக்கிற அளவுக்குத்தான் சூடும் குளிரும் வருகின்றன. அல்லேலூயா!

காற்றையும் இந்தச் சுழற்சி திருப்புகிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே வீசுகிற காற்று தன் பாதையில் வலதுபுறமாய் வளையும். அதனால்தான் வங்காள விரிகுடாவில் உண்டாகிற புயல்கள் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கின்றன. 2016 டிசம்பர் 12-ந் தேதி சென்னை அருகே கரை கடந்த வர்தா புயலும் அப்படியே சுழன்று வந்தது.

நம் சரீரத்துக்குள்ளேயும் ஒரு கடிகாரம் உண்டு. தூக்கம், பசி, உடம்பின் சூடு எல்லாம் ஏறக்குறைய 24 மணி நேரக் கணக்கில் ஓடுகின்றன. இந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். காலை வெளிச்சம் கண்ணில் படும்போது இந்தக் கடிகாரம் தினமும் சரிசெய்யப்படுகிறது.

நம்ம மதுரையில் நடந்த ஆராய்ச்சி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரனும் அவரோடிருந்தவர்களும் வௌவால்களை ஆராய்ந்து 1981-ல் வெளியிட்டார்கள். பகலா ராத்திரியா என்று தெரியாத இருட்டுக் குகையின் ஆழத்தில் ஒரு வௌவாலை அடைத்து வைத்தார்கள். அதே குகையில் மற்ற வௌவால்கள் தினமும் சாயங்காலம் வெளியே பறந்துபோய்த் திரும்பி வந்தன. அடைபட்ட வௌவால் வெளிச்சத்தையே பார்க்கவில்லை. ஆனாலும் கூட்டம் கிளம்புகிற நேரத்தோடே அதுவும் எழும்பியது. வேறே வௌவால் இல்லாத குகையில் தனியாய் வைத்ததோ, நாளுக்கு நாள் நேரம் தப்பி வெளியுலகத்து ராத்திரியோடு சம்பந்தமில்லாமல் போய்விட்டது. சபை கூடிவருதலை விட்டுவிடக்கூடாது என்று எபிரெயர் 10:25 எச்சரிப்பதன் அவசியம் இதிலேயே விளங்குகிறது. நீங்கள் இருட்டான நாட்களில் இருந்தாலும், வெளிச்சத்தைக் கண்டு வருகிறவர்களோடு இருங்கள். உங்கள் நேரம் தப்பாது.

இன்னொரு காரியம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு நேராய் ஆராதனைக்கு வருகிற பிள்ளைகள் நம் சபைகளில் இருக்கிறார்கள். செய்தி வேளையில் அவர்கள் தூங்கிவிழுந்தால் "ஆவிக்குரிய தூக்கம்" என்று சீக்கிரமாய்த் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவர்கள் உடம்பு பூமியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களைப் படுக்கவிடுங்கள், அறையை இருட்டாக்கிக் கொடுங்கள். முழு இரவு ஜெபம் முடிந்து உடனே மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற வாலிபரும் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் படுத்துவிட்டுப் போங்கள். தமக்குப் பிரியமானவனுக்குக் கர்த்தர் நித்திரையைத் தருகிறார் என்பதும் வேதம்தானே (சங்கீதம் 127:2).

3. சூரியனைச் சுற்றும் பூமி

நம்ம ஊர் மலைக்கோயிலுக்கு 365 படிகள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வருஷத்தின் நாட்களுக்கு ஒவ்வொரு படி என்று நம் அயலார் சொல்லுவார்கள். டிசம்பர் 31 ராத்திரி அவர்கள் படித்திருவிழாவுக்கு ஏறும்போது நாம் வாட்ச்நைட் ஆராதனையில் இருக்கிறோம். இரு கூட்டத்தாரும் எதிர்பார்ப்பது பூமி தன் ஓட்டத்தின் ஒரு சுற்றை முடிப்பதைத்தான். ஆனால் உண்மையான சுற்று 365 படியோடு முடிகிறதில்லை. இன்னும் 5 மணி 48 நிமிஷம் 46 நொடி பாக்கி இருக்கும்! அந்தக் கால் படியைச் சேர்த்து வைத்துத்தான் நாலு வருஷத்துக்கு ஒரு முறை பிப்ரவரி 29 வருகிறது. அதிலும் ஒரு சிறு பிசகு சேர்ந்துகொண்டே வந்ததால் 1582-ல் நாட்காட்டியில் பத்து நாளை நீக்கித் திருத்தினார்கள். திருத்த வேண்டியதெல்லாம் மனுஷனுடைய காலண்டர்தான். பூமி தன் நேரத்துக்கு வந்துகொண்டேயிருந்தது.

இந்த ஓட்டத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஓடும்போது பூமி நிமிர்ந்து ஓடவில்லை, 23.4 டிகிரி சாய்ந்தே ஓடுகிறது. கோடை வருவது சூரியன் கிட்டே வருவதால் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஜனவரி முதல் வாரத்தில் சூரியன் நமக்குச் சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஜூலை முதல் வாரத்தில் சுமார் 15 கோடியே 21 லட்சம். அதாவது நாம் கம்பளி போர்த்திக்கொள்கிற மாசத்தில்தான் சூரியனுக்கு மிகவும் கிட்டே, 50 லட்சம் கிலோமீட்டர் அருகே இருக்கிறோம்! ஆனாலும் குளிருகிறது. ஏன்? பூமியின் வடபாதி அப்போது சூரியனுக்கு அப்பால் சாய்ந்திருக்கிறது. கதிர் சரிவாய் விழுகிறது, பகலும் குறைகிறது. திருத்தணியில் ஜூன் 21 வாக்கில் பகல் சுமார் 12 மணி 54 நிமிஷம். டிசம்பர் 22 வாக்கில் சுமார் 11 மணி 20 நிமிஷம். நார்வே தேசத்தின் வடக்கேயுள்ள டிரோம்சோ பட்டணத்திலோ மே பிற்பகுதியிலிருந்து ஜூலை பிற்பகுதி வரை சூரியன் அஸ்தமிப்பதேயில்லை.

இதை உங்கள் வீட்டு முற்றத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு மீட்டர் உயரமுள்ள நேரான கம்பை நட்டு வையுங்கள். நம்ம ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல. 12 மணி 10 நிமிஷம் வாக்கில். இந்திய நேரம் நமக்குக் கிழக்கேயுள்ள 82.5 டிகிரி ரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவதால் இந்த வித்தியாசம். டிசம்பர் 22-ல் அந்த வேளையில் நிழல் வடக்குப் பக்கமாய் ஏறக்குறைய 74 சென்டிமீட்டர் விழும். நாளுக்கு நாள் குறைந்து, ஏப்ரல் 25 வாக்கில் நிழலே இராது! பிறகு நிழல் தெற்குப் பக்கம் திரும்பும். ஜூன் 21-ல் சுமார் 18 சென்டிமீட்டர். ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடியும் நிழலில்லாத மத்தியானம். ஏப்ரலில் சூரியன் தலைக்கு நேரே வந்து, தரை சூட்டை வாங்கிச் சேர்த்து வைப்பதால்தான் மே மாசம் நமக்கு அக்கினியாய் இருக்கிறது. கடற்காற்றும் நம்மிடம் வந்து சேர நேரமாகிறது. பத்திரிகையில் வெயில் பட்டியல் போடும்போது வேலூரோடு திருத்தணியின் பெயரும் முன்னால் வருவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

இந்தச் சாய்வு இல்லாவிட்டால் வருஷமெல்லாம் ஒரே மாதிரி நாள்தான். ஜூனில் தென்மேற்கிலிருந்தும், அக்டோபருக்குப் பின் வடகிழக்கிலிருந்தும் மழைக்காற்று மாறி வீசுவது, நிலமும் கடலும் பருவத்துக்குப் பருவம் வேறுவேறாய்ச் சூடேறுவதால்தான். நம்ம பெரியவர்கள் பயிரிட்ட பழைய சம்பா நெல் ரகங்கள் பகல் குறைவதை அறிந்துதான் கதிர் தள்ளும். அகாலத்தில் விதைத்தால் வெறும் தாள்தான் வளரும். பழவேற்காடு ஏரிக்குப் பூநாரைகளும் வேடந்தாங்கலுக்கு மற்றப் பறவைகளும் பருவம் தப்பாமல் வருகின்றன. ஆகாயத்துப் பறவை தன் வேளையை அறிந்திருக்கிறது, தம்முடைய ஜனமோ அறியவில்லையே என்று எரேமியா 8:7-ல் கர்த்தர் வருத்தப்படுகிறதைக் கவனியுங்கள்.

4. கட்டுக்கதை நமக்கு வேண்டாம்

இந்தப் பாடத்தில் இதையும் சொல்லியாக வேண்டும். நாசாவின் கம்ப்யூட்டர் காலத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டபோது ஒரு நாள் குறைந்தது, அது யோசுவா காலத்து நாள் என்று கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை பல வருஷமாய்த் துண்டுப்பிரதிகளிலும் பிரசங்கங்களிலும் சுற்றுகிறது. இப்போது செல்போனிலும் வருகிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று நாசா நிறுவனமே மறுத்திருக்கிறது. கொஞ்சம் யோசித்தாலும் புரியும். கம்ப்யூட்டர் இன்றைய ஓட்டத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடும். அன்றைக்கு ஒரு நாள் "காணாமற்போனது" என்று சொல்ல, அந்தக் காலத்திலிருந்தே ஓடிவருகிற இன்னொரு கடிகாரம் கையில் இருந்தால்தானே முடியும்?

யோசுவா 10-ம் அதிகாரத்தை நான் தேவவல்லமையின் கிரியை என்று விசுவாசிக்கிறேன். அதைத் தாங்கிப்பிடிக்க ஒரு பொய் தேவையில்லை. சத்தியமுள்ள தேவனுக்குப் பொய்ச்சாட்சி சொல்லி நாம் உதவி செய்ய வேண்டியதில்லை. கல்லூரிக்குப் போன நம்ம பிள்ளை அந்தக் கதை பொய்யென்று கண்டுபிடித்தால், நாம் சொன்ன மெய்யையும் சேர்த்து சந்தேகிப்பான். அந்தச் சேதத்துக்கு நாம் கணக்கு ஒப்புவிக்க வேண்டியிருக்கும்.

5. நமக்குரிய பாடங்கள்

(அ) ராத்திரி வரும்போது சூரியன் எங்கேயும் போகவில்லை. பூமி திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். "பாஸ்டர், கர்த்தர் என்னைக் கைவிட்டுட்டார்" என்று கண்ணீரோடு சொல்லுகிற சகோதரியே, சகோதரனே, அவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். யாக்கோபு 1:17 அவரைச் சோதிகளின் பிதா என்கிறது. அவரிடத்தில் மாறுதலின் நிழலே இல்லை. முற்றத்துக் கம்பின் நிழல் மாறுவது நாம் நிற்கிற பூமி ஓடுவதால். மல்கியா 3:7-ல் அவர் தம் ஜனத்தைத் தம்மிடத்துக்குத் திரும்பும்படி அழைக்கிறார். மனந்திரும்புதல் என்கிற வார்த்தையிலேயே திரும்புதல் இருக்கிறது.

ஆனால் ஒன்று. உபத்திரவப்படுகிற எல்லாரையும் பார்த்து "நீ பாவம் செய்தாய், அதனால் உனக்கு ராத்திரி" என்று சொல்லிவிடாதீர்கள். சங்கீதம் 104 ராத்திரியையும் கர்த்தருடைய ஏற்பாடாகவே சொல்லுகிறது. நீதிமானுக்கும் ராத்திரி உண்டு. அது முடியும் என்பதே நமக்குள்ள நம்பிக்கை.

(ஆ) கிட்டே இருப்பது போதாது, சாய்ந்திருக்க வேண்டும். ஜனவரியில் பூமி சூரியனுக்கு அருகே இருந்தும் நம் பக்கம் குளிருகிறதே! சபைக்குப் பக்கத்திலேயே வீடு, முன்வரிசையில் நாற்காலி, கையில் தடித்த வேதாகமம். இத்தனை கிட்டே இருந்தும் இருதயம் அப்பால் சாய்ந்திருந்தால் அங்கே மார்கழிதான். சங்கீதக்காரன் தன் இருதயத்தைக் கர்த்தருடைய கட்டளைகளுக்குச் சாய்த்ததாகச் சொல்லுகிறான் (சங்கீதம் 119:112). எழுப்புதல் என்பது இந்தச் சாய்விலே ஆரம்பிக்கிறது.

(இ) அவர் உடன்படிக்கை மாறாதது. விதைப்பும் அறுப்பும், சீதளமும் உஷ்ணமும், பகலும் இரவும் ஒழியாது என்று ஜலப்பிரளயத்துக்குப் பின் கர்த்தர் வாக்குப்பண்ணினார் (ஆதியாகமம் 8:22). எரேமியா 33:20, 21-ல் பகலோடும் இரவோடும் உள்ள தம்முடைய உடன்படிக்கையையே தாவீதுக்குக் கொடுத்த வாக்குக்கு அடையாளமாக வைக்கிறார். இன்று காலை உங்கள் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் வெளிச்சம் வந்ததா? அந்த உடன்படிக்கை நிற்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

குடும்ப ஜெபத்தில் கலந்து பேச:

1. சங்கீதம் 104:5-ஐயும் 16:8-ஐயும் பிள்ளைகளோடு ஒப்பிட்டு வாசியுங்கள்.
2. கம்பு நட்டு, வாரம் ஒரு நாள் மத்தியானம் நிழலை அளந்து எழுதச் சொல்லுங்கள்.
3. நம் வீட்டில் நைட் ஷிப்ட் பார்க்கிறவருக்கு நாம் எப்படி ஒத்தாசையாயிருக்கலாம்?
4. தனித்துப்போன விசுவாசி யாரையாவது இந்த வாரம் போய்ப் பார்க்க முடியுமா?

ஜெபம்: சோதிகளின் பிதாவே, பகலையும் இரவையும் எங்களுக்காக நியமித்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறதினால் உம்மை விட்டுத் தூரம் போகாமல், உம்முடைய கையின் கிரியைகளைக் கண்டு உம்மை இன்னும் அதிகமாய் நேசிக்கக் கிருபை தாரும். எங்கள் இருதயங்களை உம்மண்டை சாய்த்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.